கோஜிராவைப் பார்த்துச் சிரித்தவர்கள்

2017ல் சென்னையில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்த வாடகை வீட்டில், ஒரு சனிக்கிழமை ராத்திரி 'ஷின் கோஜிரா' படம் போட்டோம். முந்தைய ஆண்டு ஜப்பானில் வெளிவந்து சக்கைப்போடு போட்ட படம். லேப்டாப்பை டிவியோடு இணைத்து, புரோட்டா பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படத்தில் பூதம் முதன்முதலாகக் கரையேறும்போது அது இன்னும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. தரையோடு தரையாக ஊர்ந்து வரும். இரண்டு பக்கமும் சோழி ஒட்டிவைத்த மாதிரி இமைக்காத உருண்டைக் கண்கள். செவுளிலிருந்து ரத்தம் கொட்டும். "டேய், இது என்னடா நெத்திலிக் கருவாட்டுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்து முடித்துத் திரும்பினால் நாலாவது ஆளைக் காணோம். பால்கனியில் நின்றுகொண்டிருந்தான். அவன் ஊர் நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டைப் பக்கம். அந்தக் காட்சியில் பூதம் ஆற்றில் ஏறி வரும்போது, கட்டிக்கிடக்கும் படகுகளையெல்லாம் குவியலாக முன்னால் தள்ளிக்கொண்டு வரும். படகு மேல் படகு ஏறி நொறுங்கும். அந்த இடத்தில் எழுந்து போயிருக்கிறான். 2004 டிசம்பர் 26 அன்று அவனுக்கு 14 வயது. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, படத்தை நிறுத்திவிட்டோம். ரொம்ப நேரம் கழித்து அவனே சொன்னான்: "படகு அப்படித்தாண்டா வந்துச்சு. சத்தம்தான் தப்பா வச்சிருக்கான்."

ஜப்பானியர்களுக்கு அந்தக் காட்சி எதைச் சொன்னது என்பது வெளிப்படை. 2011 மார்ச் 11 சுனாமியின் செய்திக் காட்சிகளை அவர்கள் எத்தனையோ முறை பார்த்தவர்கள். கதிரியக்கம் கக்கும் அந்தப் பூதத்தைக் குளிரவைத்துத்தான் நிறுத்த முடியும் என்று படம் போகும்போது அவர்களுக்கு ஃபுகுஷிமா அணு உலைகள் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆக, நாகையிலிருந்து வந்தவனும் ஜப்பான்காரர்களும் ஒரே படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவன் பக்கத்தில், ஒரே பாயில், ஒரே புரோட்டாவைத் தின்றுகொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் வேறு ஏதோ ஒரு படத்தைப் பார்த்திருக்கிறோம்.

பேய்ப்படம் ஏன் பயமுறுத்துகிறது என்று கேட்டால் இருட்டு, இசை, திடீரென்று கதவு படாரெனச் சாத்துவது என்று சொல்வார்கள். அதெல்லாம் திடுக்கிடுதல். யார் காதுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தாலும் தோள் தூக்கிப்போடும், அதற்கு ஊர், வயது, அனுபவம் எதுவும் தேவையில்லை. பயம் வேறு. படம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் கூடவே வருவது பயம். அது ஆளுக்கு ஆள் மாறுவதற்குச் சுபாவம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சரித்திரம் அதைவிடப் பெரிய காரணம் என்று அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. முதல் 'கோஜிரா' படத்தைத் தேடிப் பார்த்தது அதற்காகத்தான். 1954ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். முதல் தடவை பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், அதற்கும் சிரிப்புதான் வந்தது. ரப்பர் உடுப்புக்குள் ஒரு ஆள் நடப்பது பச்சையாகத் தெரிகிறதே! அந்த வருஷம் ஜப்பானில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

*

1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. சோதனையின் பெயர் காஸில் பிராவோ. எதிர்பார்த்த சக்தி ஐந்தாறு மெகாடன். வெடித்தது 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இந்தத் தப்பு எப்படி நடந்தது என்பது என் மாதிரி ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும் கதை. குண்டின் எரிபொருளில் இரண்டு வகை லித்தியம் இருந்தது. லித்தியம்-6 வேலை செய்யும், லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எரிபொருளில் பெரும்பகுதி அந்தச் சும்மா கிடக்கும் லித்தியம்-7தான். வெடிப்பின் உள்ளே பாய்ந்த நியூட்ரான்களின் வேகத்தில் அது சும்மா கிடக்கவில்லை. அதுவும் உடைந்து டிரிட்டியம் தந்தது. 'இந்த வேரியபிள் மாறாது' என்று நாங்கள் கோடில் ஒரு வரி கமெண்ட் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவோமே, அதே மாதிரி ஒரு அனுமானம்.

பிகினிக்குக் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில், அமெரிக்கா அறிவித்திருந்த அபாய எல்லைக்கு வெளியே, ஒரு ஜப்பானியச் சூரை மீன் படகு வலை, தூண்டில் வேலையில் இருந்தது. பெயர் தைகோ ஃபுகுர்யு மாரு. 'ஐந்தாம் எண் அதிர்ஷ்ட நாகம்' என்று அர்த்தம் வரும். பெயர் வைத்தவர்கள் பாவம். ஷிஸுவோகா மாநிலத்தின் யாய்சு துறைமுகத்துப் படகு, ஆட்கள் 23 பேர். விடிவதற்கு முன்னால் மேற்கு வானம் வெளுத்தது. சில நிமிஷங்கள் கழித்து சத்தம் வந்து சேர்ந்தது. இரண்டு மூன்று மணி நேரம் போன பிறகு வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்ட ஆரம்பித்தது. பொடிப்பொடியாகிப் போன பவளப்பாறை. தலையில், கழுத்தில், சட்டைக்குள் எல்லாம் இறங்கியது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே தூண்டிலை இழுத்து முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே தோல் கறுத்துப் புண்ணானது, முடி கொட்டியது. மார்ச் 14ல் யாய்சு வந்து சேர்ந்தார்கள். 16ஆம் தேதி யோமியூரி பத்திரிகையில் செய்தி வெடித்தது.

அதற்குள் மீன் சந்தைக்குப் போய்விட்டது!

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அங்கே இருந்தவர்களுக்கு நடந்தவை. சூரை மீன் அப்படி இல்லை, டோக்கியோவில், ஒசாகாவில் எல்லார் வீட்டுத் தட்டிலும் இருப்பது. சுகிஜி மீன் சந்தையில் குழி வெட்டி மீனைப் புதைத்தார்கள். கெய்கர் கருவியை மீன் மேல் பிடித்துக் கிர்ரென்று கேட்கும் காட்சி பத்திரிகைப் படமானது. அந்த வருஷம் 800க்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் கதிரியக்கம் கண்டுபிடித்துக் கொட்டினார்கள். மே மாதத்தில் மழையிலும் கதிரியக்கம் என்று செய்தி. 'அணு மீன்' என்ற புதுச் சொல் சமையலறைக்குள் நுழைந்தது. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் குண்டுச் சோதனைக்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டுக்குள் நாடு முழுக்க மூன்று கோடிப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மீன் வாங்கப் போன பெண்கள் ஆரம்பித்த காரியம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் எதிரொலி இருந்தது. ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு, சோதனைகளை அப்படியே நிறுத்திவைக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டார்.

அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், படகு அபாய எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும் என்றார். புண்கள் கதிரியக்கத்தால் வந்தவை அல்ல, எரிந்த பவளச் சுண்ணாம்பின் காரத்தால் வந்தவை என்றார். செப்டம்பர் 23 அன்று படகின் ரேடியோ இயக்குபவர் ஐகிச்சி குபோயாமா மருத்துவமனையில் இறந்தார். வயது 40.

'கோஜிரா' அதே ஆண்டு நவம்பர் 3ல் வெளியானது. ஆறு வாரம்கூட ஆகவில்லை.

*

படம் பிறந்த கதை கொஞ்சம் சினிமாத்தனமானது. டோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் டொமோயுகி தனாகா இந்தோனேசியாவோடு சேர்ந்து ஒரு பெரிய படம் எடுப்பதாக இருந்து, அது கடைசி நேரத்தில் கைவிட்டுப்போனது. ஜகார்த்தாவிலிருந்து வெறுங்கையோடு விமானத்தில் திரும்பும்போது, கீழே கடலைப் பார்த்து, இதற்குள் தூங்கும் ஒரு மிருகத்தைக் குண்டு எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாராம். முந்தைய ஆண்டு அமெரிக்காவில் 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்' என்று ஒரு படம் வந்திருந்தது. அணுகுண்டுச் சோதனையால் ஆர்க்டிக் பனிக்கட்டியிலிருந்து எழும் டைனோசர் நியூயார்க்குக்குள் நுழையும். தனாகாவின் யோசனைக்கு அது முன்மாதிரி. காப்பி என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் காப்பியடித்த கை யாருடையது என்பதில்தான் எல்லாம் மாறிவிட்டது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா மூன்று முறை ராணுவத்துக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் இருந்தவர். 1946ல் ஊர் திரும்பும்போது ஹிரோஷிமா வழியாக வந்தார். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே வனவியல் படித்தவர். போர்க்காலத்தில் மரப்பலகை ஆராய்ச்சியில் தக்க பாதுகாப்பு இல்லாமல் எக்ஸ் கதிர்களோடு வேலை பார்த்து உடம்பு கெட்டவர். அவர்தான் கோஜிராவின் உறுமலையும் உருவாக்கினார். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து, பதிவை மெதுவாக ஓடவிட்டு வந்த சத்தம். எந்த மிருகத்தின் குரலும் அல்ல. எதுவோ வலியில் கத்துகிறதா கோபத்தில் கத்துகிறதா என்று சொல்ல முடியாத ஓசை.

தந்திரக் காட்சிகளைச் செய்தவர் எய்ஜி சுபுராயா. 'கிங் காங்' மாதிரி பொம்மையை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எடுக்க ஆசைப்பட்டவர். அப்படி எடுத்தால் ஏழு வருஷம் ஆகும் என்று அவரே சொல்லிவிட்டு, ரப்பர் உடுப்புக்குள் ஹாருவோ நகாஜிமா என்ற நடிகரை இறக்கினார். உடுப்பின் எடை கிட்டத்தட்ட 100 கிலோ. விளக்குகளின் சூட்டில் சில நிமிஷம்தான் நிற்க முடியும். 25ல் ஒரு பங்கு அளவில் டோக்கியோவைக் கட்டி, கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். திரையில் ஓடும்போது எல்லாம் மெதுவாகி எடை கூடியது மாதிரி இருக்கும். (25 மடங்கு சின்னக் கட்டடம் நிஜமாக விழுவது மாதிரி தெரிய ஐந்து மடங்கு வேகத்தில் எடுக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.) நான் முதல் தடவை சிரித்தது இந்த மனிதரின் தள்ளாட்டத்தைப் பார்த்துத்தான்.

படம் எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள். ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் உட்கார்ந்து பொழுதுபோக்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கடலில் ஒரு வெளிச்சம். கண் கூசி எழுகிறார்கள். கப்பல் தீப்பிடிக்கிறது. ரேடியோக்காரர் சாகும்வரை தந்தியடித்துக்கொண்டே இருக்கிறார். பூதம் திரையில் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே இது நடந்துவிடுகிறது. எனக்கு அது ஒரு பரபரப்பான தொடக்கக் காட்சி. குபோயாமாவின் சாவுச் செய்தியைச் செப்டம்பரில் படித்துவிட்டு நவம்பரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

பிறகு ரயிலில் ஒரு சின்னக் காட்சி. வேலைக்குப் போகும் ஒரு பெண், சலிப்போடு பேசுகிறாள்: கதிரியக்க மீன், கதிரியக்க மழை, போதாததற்கு இப்போது இந்தக் கோஜிரா வேறா, நாகசாகியிலிருந்து தப்பித்து வந்தது இதற்குத்தானா என்ற பொருளில். பக்கத்தில் இருப்பவர் மறுபடியும் எங்காவது ஊரைவிட்டுப் போய் ஒளிய வேண்டுமா என்று அலுத்துக்கொள்கிறார். மொத்தமே சில விநாடி. படத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் இதுதான், ஏனென்றால் இதில் யாருமே பயப்படவில்லை. மழை வந்தால் துணி காயாதே என்கிற மாதிரி பேசுகிறார்கள்.

டோக்கியோ எரியும் இரவு வேறு. 1945 மார்ச் 10 அன்று அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு போட்டு ஒரே இரவில் அந்த நகரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரைக் கொன்றிருந்தன. அதற்கும் படத்துக்கும் ஒன்பது வருஷ இடைவெளிதான். கோஜிரா ஜின்ஸாவின் கட்டடங்களை உடைத்து வரும்போது, தெருவோரத்தில் ஒரு தாய் பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்று ஆறுதல் சொல்கிறாள். அப்பா எங்கே என்று படம் விளக்குவதில்லை. அரங்கில் இருந்த யாருக்கும் விளக்கத் தேவைப்பட்டிருக்காது. மறுநாள் காலையில் மருத்துவமனை நடைபாதை முழுக்கப் பாய்கள். ஒரு மருத்துவர் சின்னக் குழந்தையின் முன்னால் கெய்கர் கருவியைப் பிடிக்கிறார். சத்தம் கேட்கிறது. தலையை ஆட்டுகிறார். குழந்தை அவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் படங்களை ஜப்பானியர் அதுவரை அதிகம் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1945லிருந்து ஆக்கிரமிப்புக் கால அமெரிக்கத் தணிக்கை, குண்டு விழுந்த ஊர்களின் காயங்களைப் பத்திரிகையில் வரவிடவில்லை. ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்து, அந்த ஆகஸ்ட் 6 இதழில் 'அசாஹி கிராஃப்' வெளியிட்ட பிறகுதான் பெரும்பாலான ஜனங்கள் ஹிரோஷிமாவின் புகைப்படங்களைப் பார்த்தார்கள். ஏழு வருஷம் சொல்ல முடியாமல் கிடந்த விஷயம், சொல்ல அனுமதி கிடைத்த இரண்டாம் வருஷத்தில் ஒரு பூதத்தின் மேல் ஏறிக்கொண்டு வந்தது. சில விமர்சகர்கள் இது மக்களின் துயரத்தை வைத்துப் பிழைப்பு நடத்துவது என்று திட்டினார்கள். அது முழுக்கத் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வியாபாரமும் இருந்தது, துக்கமும் இருந்தது. கிட்டத்தட்ட 96 லட்சம் டிக்கெட் விற்றது.

சபுரோ கவமோட்டோ என்ற விமர்சகர் இன்னும் ஒரு படி மேலே போனார். கோஜிரா குண்டு அல்ல, தென்கடலில் செத்து, திரும்பி வர முடியாமல் போன ஜப்பானியச் சிப்பாய்களின் ஆவி என்றார். கடலிலிருந்து வருகிறது, ஊருக்குள் நுழைகிறது, அரண்மனைப் பக்கம் மட்டும் போகாமல் திரும்பிக் கடலுக்கே போய்விடுகிறது. அப்படிப் பார்த்தால் படத்தில் வரும் பயம் குற்றவுணர்ச்சியின் பயம். செத்தவனை மறந்துவிட்டு ஜின்ஸாவில் புது விளக்குகள் போட்டவர்களின் பயம். நம் ஊரில் காவு கொடுக்காத சாமி இராத்திரி ஊரைச் சுற்றும் என்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. எனக்கு இந்த வாசிப்பு பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கெய்கர் கருவியின் சத்தத்தை இது எங்கே வைக்கும் என்று தெரியவில்லை.

*

1956 ஏப்ரலில் அமெரிக்காவுக்கு இந்தப் படம் போனது, ஆனால் இதே படம் போகவில்லை. 96 நிமிஷத்தை 80 ஆக்கி, 'காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!' என்று பெயர் வைத்து, ரேமண்ட் பர் என்ற நடிகரை ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்க நிருபராக நடிக்கவைத்துப் புதுக் காட்சிகளை ஒட்டினார்கள். டெர்ரி மோர்ஸ் என்பவர் அந்தப் பகுதிகளை இயக்கினார். ரயில் பெண்ணின் பேச்சு போனது, நாகசாகி போனது, மீன் போனது. இந்த விஷயத்தைப் பொதுமக்களுக்குச் சொல்லலாமா கூடாதா என்று நாடாளுமன்றத்தில் நடக்கும் கூச்சல் போனது. கடைசியில் வயதான விஞ்ஞானி யமானே (குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தில் தலைவனாக வருவாரே, அதே தகாஷி ஷிமுரா), சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா எங்காவது எழும் என்று முணுமுணுப்பார். அந்த எச்சரிக்கையையும் எடுத்துவிட்டு, உலகம் விழித்தெழுந்து மீண்டும் வாழலாம் என்ற தொனியில் நிருபரின் குரலோடு முடித்தார்கள்.

வெட்டியதைப் பற்றி நிறையப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு வெட்டியதைவிட ஒட்டியது சுவாரசியம். ரேமண்ட் பர் படம் முழுக்க என்ன செய்கிறார்? பார்க்கிறார். ஜன்னலருகே நின்று பார்க்கிறார், குன்றின் மேல் நின்று பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கிறார். இடிபாட்டில் அடிபட்டுக் கிடந்தாலும் பிழைத்து நடந்ததைச் சொல்பவர் அவர். அமெரிக்கப் பார்வையாளருக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எரிகிற ஊரில் அவர் விருந்தாளி. ஜப்பானியப் படத்தில் அப்படி ஒரு நாற்காலியே கிடையாது. கோபுரத்தின் மேலே நின்று நேரலையில் வர்ணிக்கும் அறிவிப்பாளர்கள்கூட வணக்கம் சொல்லிக்கொண்டே கோபுரத்தோடு சேர்ந்து விழுகிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு குண்டு பயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆமை ஒன்று வந்து, வெளிச்சம் தெரிந்தால் குனிந்து மூடிக்கொள் என்று சொல்லித்தரும் கார்ட்டூன் படம் போட்டார்கள். 1954லேயே 'தெம்!' வந்துவிட்டது. நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்த இடத்திலிருந்து ராட்சத எறும்புகள் கிளம்பும். ஆனால் அந்தப் பயம் வரப்போவதைப் பற்றிய பயம். இன்னும் வராததை எப்படியாவது கையாண்டுவிடலாம் என்ற நம்பிக்கை அதற்குள் எப்போதும் இருக்கும். முன்னால் சொன்ன 'பீஸ்ட்' படத்தில் டைனோசரை எதனால் கொல்கிறார்கள் தெரியுமா? கதிரியக்க ஐசோடோப்பைத் துப்பாக்கியில் வைத்து அதன் காயத்துக்குள் சுடுகிறார்கள். எழுப்பியதும் அணு, கொன்றதும் அணு. டேலி ஆகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.

'கோஜிரா'வில் செரிஸாவா என்ற விஞ்ஞானி கடலின் ஆக்சிஜனையே அழிக்கும் ஒரு பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கிறார். போரில் ஒரு கண்ணை இழந்தவர். அதைப் பயன்படுத்தச் சொல்லி மன்றாடினால் மறுக்கிறார். ஒருமுறை வெளியே தெரிந்தால் உலகத்து அரசியல்வாதிகள் சும்மா விடமாட்டார்கள், காகிதத்தை எரித்தாலும் என் மண்டைக்குள் இருக்கிறதே என்கிறார். கடைசியில் சம்மதித்து, குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, கடலடியில் பூதத்தோடு சேர்ந்து தானும் சாகிறார், அந்த அறிவு தன்னோடு முடியட்டும் என்று. பூதத்தைவிடப் பெரிய ஆயுதத்தால்தான் பூதத்தைக் கொல்ல முடியும் என்பது அந்தப் படத்துக்கு நிம்மதி தரவில்லை. இந்தப் பகுதி அமெரிக்கப் பதிப்பிலும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மீனும் மழையும் இல்லாமல் பார்த்தால் அது ஒரு நல்ல விஞ்ஞானியின் தியாகம், அவ்வளவுதான்.

1957ல் அந்த அமெரிக்கப் பதிப்பு ஜப்பானுக்கே திரும்பி வந்து சப்டைட்டிலோடு ஓடியது. தங்கள் ஊர் எரிவதை ஒரு வெள்ளைக்காரர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதை ஜப்பானியர் காசு கொடுத்துப் பார்த்தார்கள். ஜப்பானிய மூலப்படம் முழுசாக அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பரவலாகப் போனது 2004ல்தான்.

*

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பயம் ஜப்பானிலேயே ஆறிப்போனது. 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது, புல்லட் ரயில் ஓடியது. அதே வருஷ டிசம்பரில் வந்த படத்தில் விண்வெளியிலிருந்து வந்த மூன்று தலை நாகத்தை எதிர்த்து, கோஜிரா மற்ற பூதங்களோடு கூட்டணி சேர்ந்து பூமியைக் காப்பாற்றியது. 1965ல் சண்டையில் ஜெயித்துவிட்டு வேற்றுக்கிரகத்தில் துள்ளித் துள்ளி நடனமாடியது. அன்றைக்கு டிக்கெட் வாங்கிய பிள்ளைகள் 1945க்கு வெகு காலம் கழித்துப் பிறந்தவர்கள். உடுப்புக்குள் இருந்தது அதே நகாஜிமாதான், 1972 வரை அவர்தான். ஆள் மாறவில்லை, எதிரே உட்கார்ந்தவர்களிடம் இருந்த ஏதோ ஒன்று மாறிவிட்டது. மறுபடியும் 2011 வர வேண்டியிருந்தது, பெரியவர்கள் அந்தப் பூதத்தைப் பார்த்து வாயடைத்துப்போக.

பயத்தைப் படமாக்கிப் பார்ப்பதும் வாய்த்தவர்களுக்குத்தான் வாய்க்கிறது. பிராவோவின் சாம்பல் யாய்சு படகின் மேல் மட்டும் விழவில்லை. ரோங்கெலாப் தீவில் விழுந்தது. குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அமெரிக்கக் கடற்படை அவர்களை அப்புறப்படுத்தியது. 1957ல் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 1985ல் அந்த மக்கள் தாங்களாகவே முடிவெடுத்து கிரீன்பீஸின் 'ரெயின்போ வாரியர்' கப்பலில் ஏறித் தீவைக் காலிசெய்தார்கள். அவர்களிடம் டோஹோ ஸ்டுடியோ இல்லை. அவர்களுடைய கோஜிரா எந்த உருவத்தில் வரும், எப்படி உறுமும் என்று உலகத்தில் யாரும் சிரிக்கவோ அழவோ இல்லை.

2019ல் வேலை விஷயமாக இரண்டு வாரம் டோக்கியோவில் இருந்தேன். ஷின்ஜுகுவில் ஒரு ஹோட்டல் மாடியில் கோஜிராவின் ராட்சதத் தலை வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு உறுமும். கீழே கூட்டம் செல்ஃபி எடுக்கும், நானும் எடுத்தேன். ஒரு விடுமுறை நாளில் யுமேனோஷிமா போனேன். 'கனவுத் தீவு' என்று பெயர், ஒரு காலத்தில் டோக்கியோவின் குப்பையைக் கொட்டிய இடம். தைகோ ஃபுகுர்யு மாரு பெயர் மாற்றப்பட்டு, மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1967ல் கழித்துக்கட்டப்பட்டு இந்தக் குப்பை மேட்டோரம் வந்து கிடந்தது. என்ஜினைக் கழற்றி விற்றுவிட்டார்கள். பொதுமக்கள் கூடிப் போராடிக் காப்பாற்றி, 1976ல் அதைச் சுற்றி ஒரு கூடம் கட்டினார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் போனபோது உள்ளே ஆறேழு பேர்தான் இருந்தோம்.

கூடத்துக்குள் படகு மட்டும்தான், கூரை முட்ட நிற்கிறது. படகில் இருந்தவர்களில் மடாஷிச்சி ஓய்ஷி என்பவர், ஊரில் நஷ்டஈட்டுப் பணத்தைப் பற்றிப் பேசிய பொறாமையும் நோய் பற்றிய அருவருப்பும் தாங்காமல் யாய்சுவை விட்டு டோக்கியோ வந்து சலவைக்கடை வைத்துப் பிழைத்தார். பல காலம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, 1980களில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடிப் பெட்டி ஒன்றில் சின்னக் குப்பியில் அந்தச் சாம்பல் இருந்தது. நம் வீட்டு வாசலில் போடும் கோலப்பொடி மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் மங்கல்.

படகைப் படம் எடுத்து நாகைக்காரனுக்கு அனுப்பினேன். எந்தப் படகு, என்ன கதை என்று ஒரு பத்தி தட்டச்சு செய்தும் அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "நம்ம விசைப்படகவிடப் பெருசா இருக்கே. என்ன மரம்டா?"

காவலரிடம் கேட்டேன். என் ஜப்பானிய மொழி அவருக்குப் புரியவில்லை.